நாலு சென்டிமீட்டர்

மெஸ்டியாவுக்கு மேலே பதினோராவது கிலோமீட்டரில்
ஒரு கல் இருக்கிறது.
சாலைத் துறைக்காரர்கள் வந்து பார்த்து
அதற்கு வெள்ளையடித்துவிட்டுப் போனார்கள்.
அவர்களால் ஆனது அது.

என் நீவா வாரம் இருமுறை
அந்தக் கல்லில் வயிற்றைத் தேய்க்கும்.
சைலன்சர் மூன்று தடவை கழன்று விழுந்தது.
மூன்றாவது தடவை
நான் கம்பி வைத்துக் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது
பசு செத்துப்போயிருந்தது, கன்றும்தான்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

குத்தாய்சியிலிருந்து வந்த பொட்டலத்தில்
நாலு கறுப்பு வளையங்கள்.
ஒன்றை வளையல்போல் மாட்டிப் பார்த்தேன்,
தோள்வரை ஏறியது.
உயரம் நாலு சென்டிமீட்டர்.
டயர் பெரிதானதில் இன்னொரு இரண்டரை.
இதற்கு மேல் ஆசைப்பட்டால் வண்டி கவிழும் என்றான் ஜெமால்.
ஆசைப்படவில்லை.
கல்லின் உயரம் எனக்குத் தெரியும்,
அளந்திருக்கிறேன்.

ஸ்பிரிங்கை இறுக்கும் கருவியை நம்பலாம் என்றும் அவன்தான் சொன்னான்.
அவனுக்கு முன்பல் ஒன்று இல்லை.
ஆகவே கன்று இழுக்கும் சங்கிலியையும் எடுத்து
ஸ்பிரிங்கைச் சுற்றிக் கட்டினேன்.
மாடுகளோடு இருபது வருடம்;
அசையாமல் நிற்பதெல்லாம் சாது இல்லை.

இரவு ஒரு மணி. நாலும் உள்ளே போயின.
பின் பிரேக் குழாய் எட்டவில்லை.
பின் அச்சு ஒரு விரற்கடை இடப்பக்கம் ஒதுங்கிக்கொண்டது,
பிடிக்காதவர் பக்கத்தில் உட்கார நேர்ந்ததைப்போல.
ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால்
புது டயர் மட்கார்டைக் கடித்தது;
கிரைண்டரால் ஓரத்தை அறுத்தேன்.
முன்பக்கம் கொஞ்சம் கூடுதலாக எழும்பிவிட்டதில்
முகப்பு விளக்கு சாலையை விட்டுவிட்டு
சார்த்தோலானி வீட்டுக் கல்கோபுரத்தின்
மூன்றாம் மாடியைக் காட்டியது.
அங்கே ஒரு பூனை உட்கார்ந்திருந்தது.
இதற்கு முன் நான் அண்ணாந்து பார்த்ததில்லை.

மறுநாள் கல்லைக் கடந்தேன்.
சத்தமே இல்லை.
வண்டியை நிறுத்தி, இறங்கி நடந்துபோய்ப் பார்த்தேன்,
கல் இருக்கிறதா என்று.

அன்சோரை மறந்துவிட்டேன்.
போன மாசி மாதம் கூரைப் பனியை வாரும்போது விழுந்தவன்.
இடுப்பில் ஒரு தகடு, ஆறு திருகாணி.
கதவைத் திறந்து பிடித்தபடி
இருக்கையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.
நேற்றுவரை அவனே ஏறி உட்கார்ந்த இருக்கை.
'நல்லா இருக்கு' என்றான்.
'நீ போய்ட்டு வா' என்றான்.

ஜெமால் இரும்புப் படி ஒன்று பற்றவைத்துத் தந்தான்,
கதவுக்குக் கீழே, அழகாக, பச்சை வண்ணம் பூசி.
பதினோராவது கிலோமீட்டரில்
கல் அதைக் கழற்றிக்கொண்டது.
சாண் ஏறினால் முழம்.
சிரிப்பு வந்துவிட்டது எனக்கு;
தனியாக, மழையில், கையில் வளைந்த பச்சைப் படியோடு.

இப்போது பின்னிருக்கையில்
தண்ணீர் பாட்டில் வரும் மரப்பெட்டி ஒன்று.
நிற்கும் இடமெல்லாம் நான் முதலில் இறங்கி
சுற்றி வந்து, பெட்டியைக் கவிழ்த்து வைக்கிறேன்.
என் தோளைப் பிடிக்க மாட்டான்,
கதவைத்தான் பிடிப்பான்.
நானும் தோளைக் கொடுப்பதில்லை,
பெட்டி ஆடுகிறதா என்று குனிந்து பார்ப்பதோடு சரி.

டயர் பெரிதானதிலிருந்து
வேகமுள் பொய் சொல்கிறது.
அது அறுபது என்றால் அறுபத்துநாலு.
இறக்கத்தில் அன்சோர் எட்டிப் பார்த்து
'அறுபதுதானே, போ போ' என்கிறான்.
நான் போகிறேன்.